வாசிக்காம விட்ட வரி

மூணாத்து எஸ்டேட்டுல எங்க லைன் வீடுகள்ல யாருக்கு மலையாளத்துல கடுதாசி வந்தாலும் நேரா எங்கிட்டதான் கொண்டு வருவாக. மத்த வீட்டுப் பிள்ளைகளெல்லாம் எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனப்ப, எங்கப்பா மட்டும் பிடிவாதமா என்னைய மலையாளப் பள்ளிக்கூடத்துல சேத்துவிட்டாரு. ஆபீசுக்காரன் பேசுற பாஷை தெரியாம இந்த மலையில ஒரு காரியமும் நடக்காதுன்னு அவருக்கு ஒரு எண்ணம். பத்தாவது முடிச்சிட்டு கடைசியில நானும் எல்லாரையும் போலக் கொழுந்து கிள்ளத்தான் போனேன். ஆனா வேலை முடிஞ்சு வந்து கைகால் கழுவுறதுக்குள்ள ரெண்டு பேராவது வாசல்ல கடுதாசியோட நிப்பாக. பஞ்சாயத்து, கரண்டு ஆபீஸ், வில்லேஜ் ஆபீஸ், ரேஷன் கார்டுக்கு சப்ளை ஆபீஸ்னு எங்க போகணும்னாலும் அபேட்சை எழுதுறது நான்தான். விண்ணப்பம்னு இங்க யாரும் சொல்றதில்ல.

இப்பக் கொஞ்ச காலமா எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கு. கடுதாசி எதுவானாலும் மேல இருக்கிற நம்பர்ல ஆரம்பிச்சு, அடியில யார் யாருக்கு நகல் போயிருக்குங்கிறது வரைக்கும் ஒரு வரி விடாம வாசிக்கிறேன். கேக்க வந்தவுகளுக்கு எரிச்சல். "விஷயத்த மட்டும் சொல்லு, அடுப்புல சோறு இருக்கு"ம்பாக. என் வீட்டுக்காரரு, விட்டா ரப்பர் ஸ்டாம்பையும் ராகம் போட்டு வாசிப்பான்னு கேலி பண்ணுவாரு. பண்ணட்டும். ஒரே ஒரு தடவை நான் ஒரு வரியை விட்டுட்டு வாசிச்சேன். அதப் பத்தித்தான் எழுத உக்காந்திருக்கேன்.

எங்க லைன்ல பத்து வீடு, ஒரே தகரக் கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல சுவரு இருக்கு, ஆனா அது கூரை வரைக்கும் போகாது. மேல ஒரு கை நீளத்துக்கு இடைவெளி. அந்த வீட்டுல கடுகு தாளிச்சா இந்த வீட்டுல தும்மல் வரும். பக்கத்து வீட்டுக்காரிய நான் மதினின்னு கூப்பிடுவேன். அந்த முறையில அவ புருஷன் எனக்கு அண்ணன். கூடப் பிறந்தவரில்ல, இருந்தாலும் பதினெட்டு வருஷம் ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தா அதுவும் ஒரு பிறப்புதான்.

அண்ணனுக்கு ரெண்டு கிட்னியும் கெட்டுப்போச்சு. ஃபேக்டரி வேலைய விட்டுட்டாரு. வாரத்துக்கு ரெண்டு நாள் மலைக்குக் கீழ ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் சுத்தம் பண்ணிட்டு வரணும். அவரக் கூட்டிட்டுப் போறது மதினியோட தம்பி ஜீப்பு. தம்பி போடிக்காரன். மூணாத்துல டூரிஸ்ட்டுக்கு ஜீப்பு ஓட்டணும்னா வண்டி உள்ளூர்க்காரங்க பேர்ல இருந்தாத்தான் ஸ்டாண்டுல இடம் விடுவாக. அதனால அவன் ஜீப்ப அக்கா பேர்ல எழுதி வச்சிருந்தான். இது ஒண்ணும் ரகசியமில்ல. இந்த மலையில ஓடுற ஜீப்புல பாதி யாராவது ஒரு அக்கா தங்கச்சி பேர்லதான் ஓடுது. கையெழுத்துப் போட்டதோட சரி, ஒரு தடவை முன் சீட்டுல கூட உக்காந்திருக்க மாட்டாக.

ரேஷன் கார்டைப் புதுசாத் தரம் பிரிச்சப்ப லைன்ல எல்லாருக்கும் ஃபாரம் நிரப்புனது நான்தான். மதினி வீட்டுல அவ கூலி மட்டும்தான் வருமானம், அதையே எழுதுனேன். எங்க வீட்டுக்கு எங்க ரெண்டு பேரு கூலியும் எழுதுனேன், என் வீட்டுக்காரரோட ஓவர்டைமையும் சேத்து எழுதுனேன். என் கையெழுத்து ஆபீசு முழுக்கத் தெரியும், பொய் எழுதினா நானே மாட்டுவேன்னு பயம். நேர்மைன்னு வெளிய பெருமையடிச்சுக்கிட்டாலும் உள்ள இருந்தது அந்தப் பயம்தான். அவுக வச்சிருந்த வரம்பத் தாண்டி ஏதோ கொஞ்சம் கூடிப்போச்சு. மதினிக்குப் பிங்க் கார்டு, எங்களுக்கு வெள்ளை. பிங்க்குன்னா அரிசியும் கோதுமையும் சும்மாவே கிடைக்கும். வெள்ளைன்னா காசு குடுத்து வாங்கணும், அதுவும் ஒரு கைப்பிடிதான்.

மாசாமாசம் ரேஷன் வாங்கிட்டு வந்ததும் மதினி ஒரு படி அரிசிய எங்க வீட்டுக்குக் கொண்டு வந்து குடுப்பா. கேக்கவே மாட்டா, பானையத் திறந்து கொட்டிட்டுப் போயிருவா. சந்தோஷமா வாங்கிக்குவேன்னு நெனைக்காதீக. எல்லாருக்கும் ஃபாரம் எழுதிக் குடுக்கிறவ நான், எனக்கு அவ படி அளக்கிறா. அது எனக்கு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. சொல்லவும் முடியல, வேண்டாம்னு தள்ளவும் முடியல.

ஒருநாள் ரேஷன் கடைச் சுவத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தாக. தகுதி இல்லாம பிங்க் கார்டு வச்சிருக்கவுக தாங்களாவே திருப்பிக் குடுக்கணும், பெரிய வீடு, நிலம், நாலு சக்கர வண்டி, அரசாங்க வேலை இருக்கவுகளுக்கு இது கிடையாது, அப்படி யாராவது வச்சிருக்கிறது தெரிஞ்சா இந்த நம்பர்ல சொல்லலாம், சொல்றவுக பேரு கேக்க மாட்டோம். வரிசையில நின்னவுக என்னைய வாசிக்கச் சொன்னாக. வாசிச்சு தமிழ்ல சொன்னேன். மதினி சிரிச்சுக்கிட்டே, "நாலு சக்கரத்துக்கு நான் எங்கடி போவேன், எனக்கு இருக்கிறது ரெண்டு காலு, அதுலயும் ஒண்ணுல முட்டிவலி"ன்னா. எல்லாரும் சிரிச்சாக. அவளுக்கு அப்ப அந்த ஜீப்பு ஞாபகத்துலயே இல்ல. அது தம்பி வண்டி, அவ்வளவுதான் அவளுக்கு.

என் முறை வந்துச்சு. வெள்ளைக் கார்டுக்கு உண்டானத வாங்கிட்டுத் திரும்புறேன், மதினி வரிசையில நின்னவுக எல்லாரும் பாக்க அவ பையிலருந்து ரெண்டு கை அரிசிய அள்ளி என் பையில போட்டு, "இந்தா பணக்காரி, வச்சுக்க"ன்னா. வெளையாட்டுக்குத்தான் சொன்னா. எப்பவும் சொல்றதுதான். ஆனா எப்பவும் வீட்டுக்குள்ள சொல்லுவா. அன்னைக்குக் கடை சிரிச்சுச்சு. எனக்கு மூஞ்சியெல்லாம் சுட்டுப்போச்சு.

எங்க எஸ்டேட்டுல ஃபோனு எல்லா இடத்துலயும் எடுக்காது. அஞ்சாம் நம்பர் தேயிலைக் காட்டுல ஒரு பாறை இருக்கு, அதுமேல ஏறி நின்னாத்தான் ரேஞ்சு வரும். மறுநாள் மத்தியானச் சோத்து நேரத்துல நான் அந்தப் பாறையில ஏறுனேன். ஃபோன எடுத்தவரு மரியாதையாத்தான் பேசுனாரு. ஆள் விவரம் கேட்டாரு, சொன்னேன். வண்டி நம்பரு தெரியுமான்னாரு. தெரியாமயா, என் வாசப்படிக்கு நேராத்தான் அது தெனமும் நிக்கும். கடகடன்னு சொன்னேன். என் பேரக் கேக்கல. அப்ப அது பெரிய ஆறுதலா இருந்துச்சு. கேட்டிருந்தா நான் ஃபோன வச்சிருப்பேன்.

ரெண்டு கிலோ அரிசி கொறையட்டும், அவளும் கொஞ்ச நாள் காசு குடுத்து வாங்கட்டும், வேற என்ன ஆகப்போவுதுன்னுதான் நெனச்சேன். ரேஷன் கார்டுன்னா அரிசின்னுதான் எங்களுக்கெல்லாம் மனசுல பதிஞ்சு கிடக்கு. ஊருக்கே மனு எழுதுறவ, எனக்கும் அதுக்கு மேல தெரியல.

மூணு வாரம் கழிச்சு மதினி கையில மாவோட ஒரு கடுதாசியக் கொண்டு வந்தா. "ஏட்டி, என்னமோ வந்திருக்கு, பாரு"ன்னா. சப்ளை ஆபீஸ்ல இருந்து. முதல் வரி கார்டு நம்பரு. ரெண்டாவது வரி அவ பேரு, வீட்டு விலாசம். மூணாவது வரியில, இங்கு கிடைத்த பராதியின் அடிப்படையில் விசாரிச்சதுலன்னு இருந்துச்சு. பராதின்னா புகாரு. நாலாவது வரியில ஜீப்பு நம்பரு.

நான் ரெண்டாவது வரியில இருந்து நாலாவது வரிக்குத் தாவிட்டேன். குரல் கூட மாறல. உங்க பேர்ல ஒரு ஜீப்பு இருக்கிறதா தெரிய வந்திருக்கு, கார்ட வெள்ளையா மாத்தியாச்சு, ஆட்சேபணை இருந்தா பதினஞ்சு நாளைக்குள்ள எழுதிக் குடுக்கணும்னு சொல்லி முடிச்சேன். மதினி கையில ஒட்டுன மாவ முந்தானையில தொடைச்சா. அவுகளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு கேட்டா. இப்ப எல்லாம் கம்ப்யூட்டரு மதினி, வண்டி ஆபீசு கம்ப்யூட்டரும் சப்ளை ஆபீசு கம்ப்யூட்டரும் ஒண்ணாத்தான் கிடக்கு, தட்டுனா எல்லாம் வந்துரும்னேன். தலைய ஆட்டுனா. அப்புறம்தான் கேட்டா.

"அப்ப ஒங்க அண்ணனுக்கு ஆஸ்பத்திரி?"

அதுக்கும் இதுக்கும் என்ன மதினின்னேன். அவ சொன்னா. அந்த ஆஸ்பத்திரியில அண்ணனுக்குக் காசு வாங்காம பண்றதே பிங்க் கார்டுக்குத்தானாம். ஒவ்வொரு வருஷமும் கார்டு நகலக் குடுத்துப் புதுப்பிக்கணுமாம். அடுத்த மாசம் குடுக்கணுமாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. அந்த ஃபாரம் மட்டும் நான் எழுதல, ஆஸ்பத்திரியிலயே யாரோ எழுதியிருக்காக. படுபாவி, என்ன காரியம் பண்ணிட்டன்னு உள்ளுக்குள்ள என்னைய நானே திட்டிக்கிட்டேன். கடுதாசிய மடிச்சு மதினி கையில குடுத்து, ஆட்சேபணை நானே எழுதித் தர்றேன்னேன்.

மறுநாள் திரும்பப் பாறையில ஏறி அதே நம்பருக்கு அடிச்சேன். நான் சொன்னது தப்பு, அந்த வண்டி அவளோடது இல்ல, தம்பியோடதுன்னேன். சொன்னது சொன்னதுதான், இனிமே அவுகளே ஆபீசுல நேர்ல காட்டட்டும்னுட்டாக. அவுக மேலயும் குத்தம் சொல்ல முடியாது. காகிதத்துல ஜீப்பு அவ பேர்லதான இருக்கு.

அப்புறம் நான் எழுதுன எழுத்துக்கு அளவில்ல. ஆட்சேபணை எழுதுனேன், அண்ணனோட ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் வச்சு இன்னொன்னு எழுதுனேன், தாலுக்கா ஆபீசுக்கு, ஜில்லா ஆபீசுக்கு, பஞ்சாயத்து மெம்பருக்குன்னு எழுதிக்கிட்டே இருந்தேன். என் பத்தாவது பரீட்சைக்குக் கூட அவ்வளவு அக்கறையா எழுதல. மதினி ஒவ்வொண்ணையும் வாங்கிட்டுப் போயி டவுன்ல கம்ப்யூட்டர் சென்டர்ல குடுத்து அனுப்பிட்டு வருவா. நான் லீவு போட்டுட்டு வரட்டான்னு கேட்டதுக்கு, வேண்டாம், கூலி போகும்னுட்டா.

வண்டிய வேற பேருக்கு மாத்திட்டுக் காகிதத்தக் காட்டுங்க, பாக்கலாம்னு ஆபீசுல சொன்னாக. தம்பி ஜீப்ப வித்துட்டுப் போடிக்கே போயிட்டான். அக்காவுக்காகத்தான் வித்தான், அவனக் கொறை சொல்லக் கூடாது. ஆனா வித்த வண்டி பேரு மாறி ஆபீசு கம்ப்யூட்டர்ல ஏறுறதுக்கு மாசக்கணக்காச்சு. அதுவரைக்கும் கார்டு வெள்ளைதான். ஆஸ்பத்திரிக்குக் காசு கட்டணும், போறதுக்கு ஜீப்பும் இல்ல. அண்ணன் பஸ்ஸுல போக ஆரம்பிச்சாரு. அத்தன வளைவும் சுத்தி இறங்கி, ஊசி குத்திக்கிட்டுத் திரும்ப ஏறி வந்தாருன்னா ரெண்டு நாளைக்கு எந்திரிக்க முடியாது. வாரத்துக்கு ரெண்டு தடவைங்கிறது ஒண்ணாச்சு. அவரே கொறச்சுக்கிட்டாரு.

தெனமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நான் வந்து கூடைய இறக்கி வைப்பேன். அந்தச் சத்தம் கேட்டதும் சுவருக்கு மேல இருக்கிற இடைவெளி வழியா அண்ணன் குரல் வரும்.

"கார்டு வந்துச்சா தங்கச்சி?"

"வரும் அண்ணே."

ஒரு நாளு கூட இது தப்புனதில்ல. நான் முகம் கழுவுறதுக்கு முன்னாடி கேட்ருவாரு. நாளாக நாளாகக் குரல்ல தண்ணி கோத்துக்கிச்சு, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கும். அப்பவும் கேப்பாரு. கூடையச் சத்தமில்லாம இறக்கிப் பாத்தேன். அதுக்கும் கேட்டாரு.

அந்த வருஷம் மழையில ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ்ஸு ஓடல. ஒரு வாரம் போயி ரெண்டாவது வாரம் அண்ணனுக்கு உடம்பெல்லாம் வீங்கிருச்சு. லைன்காரங்க கட்டில்ல வச்சுத் தூக்கிக்கிட்டு, சரிவு இருந்த இடம் வரைக்கும் நடந்தாக. அந்தப் பக்கம் ஒரு வண்டி வந்து நின்னுச்சு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உயிர் இருந்துச்சுன்னாக. நான் போகல. கட்டிலத் தூக்கும்போது அவரு என்னையப் பாத்தாரு. நான் அடுப்பப் பாக்கிற மாதிரி உள்ள வந்துட்டேன்.

கருமாதி முடிஞ்சு ரெண்டு மாசம் போயிருக்கும், கார்டு வந்துச்சு. பிங்க். அண்ணன் பேரும் அதுல அப்படியே இருந்துச்சு.

அப்புறம் கார்டுல பேரு இருக்கவுக எல்லாரும் ரேஷன் கடைக்கு நேர்ல வந்து மெஷின்ல விரல் வைக்கணும், செத்தவுக பேர நீக்கணும், இல்லன்னா கார்டே நின்னுபோகும்னு சொன்னாக. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில மதினி பேரு நீக்குற ஃபாரத்தோட வந்தா. கூடவே ஒரு பழைய கடுதாசியும் நாலா மடிச்சுக் கையில வச்சிருந்தா. பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சப்ளை ஆபீசுல இருந்து முதல்ல வந்த அந்தக் கடுதாசி.

அத என் முன்னால விரிச்சு வச்சு, மூணாவது வரி மேல விரல வச்சா. எந்த வரின்னு கூட அவளுக்கு மனப்பாடமா இருந்துச்சு.

"இத நீ அன்னைக்கு வாசிக்கல."

அவ சத்தம் போடல, அழல. முதல் ஆட்சேபணைய அனுப்பப் போன அன்னைக்கே கம்ப்யூட்டர் சென்டர்ல இருந்த பொண்ணு அந்தக் கடுதாசிய முழுசாப் படிச்சு, யாரோ ஒங்க மேல பராதி குடுத்திருக்காக அக்கான்னு சொல்லிருக்கு. அந்தப் பொண்ணு படிச்சத நான் ஏன் படிக்கலன்னு பஸ்ஸுல வரும்போது மதினி யோசிச்சாளாம். மூணாவது வளைவு வர்றதுக்குள்ள புரிஞ்சுபோச்சாம்.

"அன்னைக்கே தெரியுமா மதினி?"ன்னு கேட்டேன்.

"தெரியும்."

"பின்ன ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டிருந்தா நீ எழுதியிருப்பியா? மூஞ்சியத் தூக்கிட்டுப் போயிருப்ப. இல்லன்னா அழுதுக்கிட்டு உக்காந்திருப்ப. எனக்குக் கார்டு வேணும்லடி. எழுதுறதுக்கு வேற யாரு இருக்கா இந்த லைன்ல?"

அண்ணனுக்குத் தெரியுமான்னு நான் கேக்கல. அவளே சொன்னா.

"அவுகளுக்கும் அன்னைக்கே சொல்லிட்டேன். வெளிய காட்டிக்காத, அவ எழுதட்டும்னாக. நான் தெனமும் ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கேன்னாக."

கொழுந்து வெட்டுற கத்திரி கையில பட்டா முதல்ல வலிக்காது, ரத்தத்தப் பாத்த பிறகுதான் வலிக்கும். எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. ஒவ்வொரு சாயங்காலமா ஞாபகம் வந்துச்சு. கார்டு வந்துச்சா தங்கச்சின்னு கேட்டப்பவெல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டிருக்காரு. தங்கச்சிங்கிற சொல்லையும் ஒரு நாளு கூட விடாமத்தான் கேட்டிருக்காரு. எந்த மனசோட கேட்டாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடல. திட்டியிருந்தா அதோட போயிருக்கும்.

"எழுது"ன்னு மதினி ஃபாரத்த நகத்தி வச்சா. அண்ணன் பேர எழுதுனேன். நீக்குறதுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சு. மரணம்னு எழுதணும், அவ்வளவுதான். பேனாவ வச்சுக்கிட்டு அந்தக் கட்டத்துக்கு முன்னால எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியல. அவ அவசரப்படுத்தல. எழுதி முடிச்சதும், "வாசி"ன்னா. "எல்லா வரியும் வாசி."

வாசிச்சேன். மேல இருந்த நம்பர்ல இருந்து கீழ அச்சடிச்ச சின்ன எழுத்து வரைக்கும் வாசிச்சேன். அன்னைக்கு ஆரம்பிச்ச பழக்கம்தான் இது. கேட்டு முடிச்சுட்டு, தமிழ்ல கையெழுத்துப் போட்டு, ஃபாரத்த மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டா. கொஞ்ச நேரத்துல சுவருக்கு மேல அவ குரல் கேட்டுச்சு. "எழுதிட்டா"ன்னா. அந்த வீட்டுல அவளத் தவிர யாரும் இல்ல.

இப்பவும் மதினி அபேட்சை வேணும்னா எழுதுங்கிறா, எழுதிக் குடுக்கிறேன். மாசாமாசம் ஒரு படி அரிசியும் வருது. பானையத் திறந்து கொட்டுவா, பணக்காரின்னு மட்டும் சொல்றதில்ல. நாங்க அத வடிச்சுச் சாப்பிடுறோம்.

சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கூடைய இறக்கி வச்சதும் அண்ணன் கேக்குறாரு. மத்தவுகளுக்குக் கேக்குதோ இல்லையோ, எனக்குக் கேக்குது. வந்துருச்சு அண்ணேன்னு சொல்லணும். கார்டுதான் வந்துருச்சே. இன்னும் சொல்லல.